எண்பத்தேழாம் பக்கத்துக் கோடு

கொளஞ்சிநாதனுக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கத் தெரியாது. தேங்காயை எல்லாரும்தான் தட்டுவார்கள். இவர் பூசணிக்காயைத் தட்டுவார், பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவார், புதுச் செருப்பைக்கூடத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். பாலக்கரைக் கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே "செக்கர் வராரு" என்று சிரித்துக்கொள்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதையாவது தலையில் கட்டிவிட்டார்களா என்று யோசிப்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சந்தேகப்படுவதுதான் அவர் உத்தியோகம். விருத்தாசலம் தொழிற்பேட்டையில், கப்பும் சாசரும் செய்யும் ஒரு செராமிக் கம்பெனியில் முப்பது வருஷமாகச் செக்கர். சூளையிலிருந்து இறங்கி ஆறிய கப்பை இடது கையில் தூக்கி, வலது கையிலிருக்கும் சின்னக் கட்டையால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்ல கப்பு. மொத்தென்று செத்த சத்தம் வந்தால் உள்ளே எங்கேயோ கீறல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சத்தத்தில் தேறியதை வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பார். குறையே இல்லாதது ஃபர்ஸ்ட்டு. ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் செகண்ட்ஸ். இந்த இரண்டு சொற்களுக்கு அந்தத் தொழிற்பேட்டையில் வேறு அர்த்தமே கிடையாது.

மனைவி சொர்ணாம்பாளும் அதே கம்பெனிதான், டச்சப் பகுதி. கப்பின் விளிம்பில் ஓடும் நீலக் கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால், மூன்றே மயிரை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்த பிரஷ்ஷால் அந்த இடைவெளியைச் சேர்க்க வேண்டும். சேர்த்த இடம் தெரியக்கூடாது. அந்தப் பகுதிப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எங்கே தொட்டோம் என்று செக்கரிடம் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டால் அவன் கண் நேராக அங்கேதான் போகும். சொல்லாமலிருந்து, செக்கரும் கண்டுபிடிக்காமல் ஃபர்ஸ்ட்டில் போட்டால்தான் அது வேலை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் சொர்ணாம்பாள் தொட்டதையெல்லாம் கண்டுபிடித்துச் செகண்ட்ஸில் தள்ளினார் கொளஞ்சிநாதன். கல்யாணத்துக்குப் பிறகும் தள்ளினார். "ஒருநாளைக்கி உங்க கண்ணுல மண்ணத் தூவுறனா இல்லியா பாருங்க" என்பாள் அவள். அதற்கும் அவர் சிரித்ததில்லை.

இப்படிப்பட்டவர் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தால் எப்படிச் சேர்ப்பார்? அதுவும் கண்ட புத்தகமெல்லாம் இல்லை. ஒரே ஒரு ஆள் எழுதியது. எப்போதோ செத்துப்போன ஓர் இங்கிலாந்துக்காரர், கடற்கரை ஊர்களை வைத்துப் பதினோரு நாவல் எழுதியவர். பெயரைச் சொன்னாலும் இங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த வீட்டில் அவருக்குத் தொரை என்று பெயர். "தொரைய வெயில்ல வைக்காத." "தொரை மேல டம்ளர வச்சது யாரு?" வந்த விருந்தாளிகள் உள்ளறையில் யாரோ வெள்ளைக்காரன் படுத்திருப்பதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசியதும் உண்டு.

தொரையை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவர் ஆசீர்வாதம். ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க், கொளஞ்சிநாதன் வயதுதான். எழுபத்தொன்பதில் யாரும் கேட்டு வராத டிரங்குப் பெட்டி ஒன்றை ஏலம் விட்டபோது, அதன் அடியில் கிடந்த தொரையின் இரண்டு நாவல்களை யாரும் சீந்தவில்லை. ஆசீர்வாதம் எடுத்து வந்தார். இருவரும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றி மாற்றிப் படித்தார்கள். கடலூரைத் தாண்டிக் கடல் பார்க்காத இரண்டு பேர், இங்கிலாந்துக் கடலில் எந்த மாதம் என்ன மீன் படும் என்று பேசும் அளவுக்கு வந்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போகவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். ஆசீர்வாதத்துக்குக் கதை போதும். பேப்பர் அட்டை போட்ட மலிவுப் பதிப்பானாலும் அவருக்குக் கடல் கடல்தான். கொளஞ்சிநாதனுக்கோ முதல் பதிப்பு வேண்டும், அதிலும் முதல் அச்சு வேண்டும். ஊரில் பிரவுசிங் சென்டர் வந்ததும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. இங்கிலாந்திலிருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கு மெயில் அனுப்பித் துருவித் துருவிக் கேள்வி கேட்டார். பார்சல் வந்தால் போஸ்ட்மேன் தனக்கோடியை நிற்க வைத்துக்கொண்டே பிரித்து, அட்டை, முதுகு, தையல், கடைசிப் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பிரிச்சிட்டுத் திருப்பி வாங்க மாட்டாங்க சார் என்று தனக்கோடி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். ஒருமுறை முதல் அச்சு என்று வந்தது மூன்றாம் அச்சு என்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். அந்தக் கடைக்காரன் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை ஃபேக்டரி கேட் வாட்ச்மேன் வரைக்கும் காட்டினார்.

இப்படி எட்டு வருஷத்தில் பதினொன்றும் சேர்ந்தன. அவற்றுக்கெல்லாம் கிரீடம் வைத்தாற்போல் தொரையின் முதல் நாவல். அந்த நாவலின் முதல் அச்சுக்கும் மூன்றே வாரத்தில் வந்த இரண்டாம் அச்சுக்கும் வெளியே எந்த வித்தியாசமும் கிடையாது. அதே தாள், அதே அட்டை. ஒரே ஒரு அடையாளம்தான். எண்பத்தேழாம் பக்கம், கீழிருந்து ஒன்பதாவது வரியில் கடலைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல். அதன் நடு எழுத்தான 'ஈ'யில் குறுக்குக் கோடு விழாமல் அது 'சி' என்று அச்சாகிவிட்டது. இரண்டாம் அச்சில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். தப்பு இருந்தால் முதல் அச்சு, தப்பு இல்லையென்றால் இரண்டாவது. வாழ்நாள் முழுக்கத் தப்பிருந்தால் ஒதுக்கித் தள்ளிய மனிதர், தப்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான். முதல் அச்சு கையில் கிடைத்ததும், தன்னிடம் முன்பே இருந்த இரண்டாம் அச்சுப் பிரதியை ஆசீர்வாதத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில் ஆசீர்வாதம் ஒரு சேதி கொண்டுவந்தார். பாண்டிச்சேரியில் பாலகிருஷ்ணன் என்று ஒருவர், கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய ஆங்கிலப் பதிப்புகளில் பெரிய கெட்டிக்காரர். ஆசீர்வாதத்தின் மகன் ஜஸ்டின் மூலம் பழக்கம். தொரையின் பதினொரு முதல் பதிப்பும் விருத்தாசலத்தில் ஒரு வீட்டில் இருக்கின்றன என்றதும் அவர் நம்பவில்லையாம். அடுத்த ஞாயிறு நேரில் வந்து பார்க்கிறேன் என்றாராம். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, சரக்கு அசல்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எட்டு வருஷமாக ஏங்கியவர்தான் கொளஞ்சிநாதன். ஆனாலும் முதல் கேள்வி, "அவரு எதுக்கு வராரு?" என்பதுதான்.

சேதி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆசீர்வாதம் தன்னுடைய இரண்டாம் அச்சையும் மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தார்கள்.

"எண்பத்தேழாம் பக்கத்துல கோடு வுட்டுப் போயிருக்குது பாரு" என்றார் கொளஞ்சிநாதன். "பாண்டிச்சேரிக்காரரு வந்தா மொத வேலையா இந்தத் தப்பத்தான் பாப்பாரு. பூதக்கண்ணாடி வேற கொண்டாருவாராம்."

"பாக்கட்டும். அதுக்குத்தான வராரு" என்றார் ஆசீர்வாதம்.

சமையலறையில் சொர்ணாம்பாள் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள். டீ குடித்துவிட்டு ஆசீர்வாதம் தன் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, கொளஞ்சிநாதன் பீரோவைத் திறந்தார். முதல் நாவலை எடுத்து எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். கீழிருந்து ஒன்பதாவது வரி. கடல் என்ற சொல் கடலாகவே இருந்தது. எழுத்துக்குள் குறுக்குக் கோடு, கச்சிதமாக, மற்ற எழுத்துகளில் இருப்பது போலவே.

வேறு பக்கத்தை எடுத்துவிட்டோமோ என்று பார்த்தார். இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தார். கோடு இருந்தது. பின்னட்டையைத் திருப்பினார். அங்கே நகக்கண் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருக்கும். அதுவும் இல்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இது தன் புத்தகமே இல்லை.

சொர்ணாம்பாள் காப்பியோடு வந்து வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள். "என்னாங்க, தொரை நல்லா இருக்காரா?"

"இருக்காரு" என்றார்.

அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பைக்கூட அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். இவளுக்கும் இதில் பங்கு உண்டோ? அவளிடம் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. ஆசீர்வாதத்தை அண்ணன், அண்ணன் என்று கூப்பிடுகிறவள், போய்ச் சொல்லிவிட்டால் அவன் உஷாராகிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டார்.

பிறகு சந்தேகம் தானாகவே வேலை செய்தது. இரண்டு புத்தகமும் ஒரே மேஜையில் கிடந்தன. மஞ்சப்பையில் போட்டது யார்? ஆசீர்வாதம். பாண்டிச்சேரிக்காரரைக் கண்டுபிடித்தது யார்? ஆசீர்வாதம். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு எந்த அச்சானாலும் ஒன்றுதான் என்று சொன்னது எதற்கு? இப்படி ஒருநாள் யாரும் தன்னைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்குத்தான். டிரங்குப் பெட்டியில் வந்த அந்த இரண்டு நாவல்கள்கூட முறைப்படி ஏலத்தில் வந்தவைதானா என்று அவருக்கு இப்போது கேள்வி வந்தது. வராத கேள்வியெல்லாம் வந்தது.

மறுநாள் வேலை முடிந்து நேரே மாதா கோயில் தெருவுக்கு சைக்கிளை விட்டார். ஆசீர்வாதத்தின் மனைவி உபகாரமேரி, "வாங்கண்ணே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. "ஒம் புஸ்தகத்தக் காட்டு" என்றார் ஆசீர்வாதத்திடம்.

ஆசீர்வாதம் எழுந்து போய் எடுத்துவந்து கொடுத்தார். கொளஞ்சிநாதன் அதை விரல் நகத்தால் புரட்டி எண்பத்தேழில் நிறுத்தினார். அதிலும் கோடு இருந்தது. இருக்கத்தான் வேண்டும்; அது இரண்டாம் அச்சு. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் திகைத்து நின்றிருப்பார்கள். மாற்றி எடுத்துப் போயிருந்தால் இதில் தப்பு இருக்க வேண்டுமே என்று யோசித்திருப்பார்கள். செக்கரோ அடுத்த படிக்குப் போய்விட்டார். அசலை ஏற்கெனவே வேறு ஆளிடம் கைமாற்றியாகிவிட்டது என்று முடிவுகட்டினார்.

"அசலு எங்க?"

"எது அசலு?"

"பாண்டிச்சேரிக்காரன்கிட்ட முன்னாடியே குடுத்தனுப்பிட்டியா? நாயித்துக்கெழம அவரு வந்து, இது செகண்டுதான்னு சொல்லி என்ன முட்டாளாக்கணும், அதான ஏற்பாடு?"

உபகாரமேரி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். ஆசீர்வாதம் தன் கையைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ எனக்கு இந்தப் புஸ்தகத்தக் குடுத்தப்ப நான் தட்டிப் பாத்தனா, கொளஞ்சி?" என்றார். "அவரு வருவாரு. அவரையே கேட்டுக்க. நான் வரல."

ஞாயிறு பதினொரு மணிக்குப் பாலகிருஷ்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், கதர்ச் சட்டை, தோளில் பை. கொளஞ்சிநாதன் வாசலிலேயே அவரை மேலும் கீழும் அளந்தார். பையின் கனத்தையும் அளந்தார்.

பத்து நாவல்களை வந்தவர் ஒவ்வொன்றாகக் கைக்குட்டை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "முதல் அச்சு. சந்தேகமே இல்லைங்க." இந்த வார்த்தைக்காகத்தான் எட்டு வருஷம் காத்திருந்தது. கொளஞ்சிநாதனின் காதில் அது ஏறவே இல்லை. சொர்ணாம்பாள் மட்டும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலையாட்டலுக்கும் தானும் ஒரு முறை தலையாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

கடைசியில் முதல் நாவல். எண்பத்தேழாம் பக்கம். பாலகிருஷ்ணன் லென்ஸை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"செகண்டுதான?" என்றார் கொளஞ்சிநாதன். "சொல்லுங்க. யாரு குடுத்தாங்கன்னும் சொல்லுங்க."

"அப்படிச் சொல்ல முடியலீங்க. இது முதல் அச்சுதான். ஆனா இந்தக் கோடு அச்சடிச்சது இல்ல. யாரோ வரைஞ்சிருக்காங்க." அவர் லென்ஸை நீட்டினார். "அச்சு மை தாள அழுத்திப் பதிஞ்சிருக்கும். இது மேலோட உக்காந்திருக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நிறத்தக்கூடப் பழைய மைக்குச் சேர்ற மாதிரிக் கலந்திருக்காங்க. நாப்பது வருஷத்துல இப்படி ஒரு கை நான் பார்த்ததில்ல."

கதவோரத்திலிருந்து, "கருப்பு மையில ஒரு சொட்டு டீத் தண்ணி வுட்டேங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். எங்கே தொட்டோம் என்பதைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை முப்பது வருஷத்தில் முதல்தடவையாக மீறியிருந்தாள். ஆனால் வந்தவரே கண்டுபிடித்து மெச்சிவிட்ட பிறகு எதற்கு மறைக்க வேண்டும்?

"நீங்கதான சொன்னீங்க, கோடு வுட்டுப் போயிருக்குது, வர்றவரு மொதல்ல அந்தத் தப்பத்தான் பாப்பாருன்னு. எல்லாம் ஃபர்ஸ்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க. தப்பு இருந்தா அது எப்பிடிங்க ஃபர்ஸ்ட்டு? வெளியூர்க்காரரு முன்னாடி செகண்ட்ஸுன்னு ஆயிடக் கூடாதேன்னு திங்கக்கெழம மத்தியானம் லீவு சொல்லிட்டு வந்து ஒக்காந்து போட்டேன். பின்னாடி ஒரு கறை இருந்துது, அதையும் ஸ்பாஞ்ச நல்லா புழிஞ்சிட்டுத் தொடச்சேன். வியாழக்கெழம நீங்க ஜன்னலண்ட வச்சிப் பாத்தும் ஒண்ணுஞ் சொல்லல. கெலிச்சிட்டோம்னு நெனச்சேன்."

சொல்லி முடித்தபோதும் அவள் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது. பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். பெருமை இறங்கிவிட்டது. "ஏங்க, தப்பாயிடிச்சா?"

பாலகிருஷ்ணன் நல்ல மனிதர். மை மேலோடுதான் இருக்கிறது, தெரிந்த ஆளிடம் கொடுத்தால் எடுத்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்றார். கொளஞ்சிநாதன் புத்தகத்தை வாங்கி மூடினார். மனைவியின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் கை இத்தனை பெரிய கை என்று இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் செகண்ட்ஸில் தள்ளிக்கொண்டே இருந்தோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதையும் மீறி வேறொன்று கண்முன் வந்தது. வெள்ளிக்கிழமை மாதா கோயில் தெருவில் தான் நின்ற நிலை.

"ஒண்ணும் ஆவல" என்றார் அவளிடம். "கோடு இருக்கட்டும். எடுக்க வேணாம்."

வந்தவருக்குச் சாப்பாடு போட்டு பஸ் ஏற்றிவிட்டு, அப்படியே சைக்கிளை மாதா கோயில் தெருவுக்குத் திருப்பினார். கேரியரில் புத்தகம். ஆசீர்வாதம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொளஞ்சிநாதன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டீத் தண்ணி வரைக்கும் சொன்னார். "மன்னிச்சிக்க ஆசீர்வாதம். புத்தி கெட்டுப் போச்சி." இந்த வாக்கியத்தை அவர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆசீர்வாதம் கேட்டுக்கொண்டார். சொர்ணாம்பாள் செய்ததைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார். "தங்கச்சி கையி தங்கம்" என்றார். உபகாரமேரி டீ கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. கொளஞ்சிநாதன் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா, நீயே வச்சிக்க. ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்."

ஆசீர்வாதம் கையை நீட்டவில்லை.

"வேணாம் கொளஞ்சி. எடுத்துட்டுப் போ. நாயித்துக்கெழம எப்பவும் போல வரேன். பேசலாம், டீ குடிக்கலாம். புஸ்தகம் மட்டும் வேணாம்." எழுந்து உள்ளே போய், இரண்டாம் அச்சையும் மஞ்சப்பையோடு கொண்டுவந்து சைக்கிள் ஹேண்டிலில் மாட்டினார். "இதுவும் ஒன்னுதுதான். எண்ணிப் பாத்து வச்சிக்க."

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. கொளஞ்சிநாதன் அந்தக் குரலைக் கேட்டார். கேட்பது அவர் தொழில். வெளியே பார்க்க ஒரு கீறலும் இல்லாத கப்பிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு எந்த டச்சப்பும் கிடையாது என்பதும் தெரியும்.

சொன்னபடி ஆசீர்வாதம் அடுத்த ஞாயிறே வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். இன்றைக்கும் வருகிறார். கடலைப் பற்றிப் பேசுகிறார்கள், மீனைப் பற்றிப் பேசுகிறார்கள். சொர்ணாம்பாள் வடை சுடுகிறாள். கொளஞ்சிநாதன் பீரோவைத் திறந்து ஏதாவது ஒரு நாவலை எடுத்து, இந்த இடத்தைப் பாரேன் என்று மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளிவைப்பார். ஆசீர்வாதம் குனிந்து படிப்பார். பக்கம் முடிந்ததும், "திருப்பு" என்பார். கைகள் இரண்டும் அவர் மடியிலேயே இருக்கும்.